பிறந்த தேதியை வைத்து எண்ணாதீர்கள்: ஆசிரியர் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும், ஆய்வு நல்கைகளின் விதிமுறைகளை வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஸ்ட்ரிங் தியரியிலும் (எல்லாத் துகள்களும் மிக நுண்ணிய இழைகளின் அதிர்வுகளே என்னும் கோட்பாடு) அண்டவியலிலும் வேலை செய்யும் ஒரு போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டம் முடித்துத் தற்காலிக ஆய்வுப் பணியில் இருக்கும் ஒருவன், எழுதும் மடல் இது. கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோட்பாட்டு இயற்பியலில் வேலைக்கும் நல்கைக்கும் நீங்கள் வைத்திருக்கும் வயது வரம்பை எடுத்துவிடுங்கள். ஏதாவது ஒரு வரம்பு கட்டாயம் வேண்டுமென்றால், முனைவர் பட்டம் வாங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் இன்ஸ்பயர் ஃபாக்கல்ட்டி நல்கைக்குப் பொதுவான உச்ச வயது 32. சில பிரிவினருக்குச் சில ஆண்டுகள் தளர்வு உண்டு, அவ்வளவுதான். ஐ.ஐ.டி.களின் உதவிப் பேராசிரியர் விளம்பரங்களில் 35 வயதுக்கு உட்பட்டிருப்பது விரும்பத்தக்கது என்ற வரி வழக்கமாக இருக்கும். கட்டாயம் என்று அதில் இல்லை என்பது தெரியும். ஆனால் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும்போது முதல் சுற்றில் கழித்துக்கட்டக் கைகொடுப்பது அந்த வரிதான். ஒருவர் என்ன கணக்குப் போட்டார், எந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார் என்று யாரும் புரட்டிப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய கதை முடிந்துவிடுகிறது.

இந்த வரம்பு நம் துறையை எப்படிப் பாதிக்கும் என்பதற்கு நம் துறையின் வரலாறே சாட்சி. ஆலன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் முடித்தவர், பிரின்ஸ்டன், கொலம்பியா, கார்னெல், அப்புறம் கலிஃபோர்னியாவின் ஸ்லாக் துகள் முடுக்கி ஆய்வகம் என்று ஒன்பது ஆண்டுகள் ஊர் ஊராகத் தற்காலிகப் பணியிலேயே இருந்தார். கல்யாணமாகி ஒரு பையனும் பிறந்துவிட்டான். அண்டவியல் அவருடைய துறையே இல்லை, துகள் இயற்பியல்காரர். 1978-இல் கார்னெலில் இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். பிரபஞ்சம் ஏன் இவ்வளவு துல்லியமாகத் தட்டையாக இருக்கிறது என்பதை யாராலும் விளக்க முடியவில்லை என்று அதில் சொன்னார். கூத் அதைக் கேட்டு மனதில் போட்டுவைத்திருந்தார். அங்கேயே சக ஆய்வாளர் ஹென்றி டை, காந்த ஒருமுனைகளைப் (வடமுனையோ தென்முனையோ ஒன்று மட்டுமே உள்ள, கோட்பாடு ஊகிக்கும் துகள்கள்) பற்றிய ஒரு கணக்குக்கு அவரை இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்து 1979 டிசம்பரில் ஓர் இரவு பலனளித்தன. பிரபஞ்சம் பிறந்த கணத்தின் மிக மிகச் சிறிய ஒரு பின்னத்துக்குள் அது பன்மடங்காகப் பெருகி வீங்கியிருந்தால் டிக்கியின் புதிர் தானாகவே அவிழும் என்று கண்டார். அந்த நோட்டுப் புத்தகப் பக்கத்தின் தலையில், பிரமாதமான ஒன்று புரிந்தது என்ற பொருளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுற்றிலும் இரட்டைக் கட்டம் போட்டிருக்கிறார். இன்று உலகம் முழுக்க வகுப்பில் நடத்தும் இன்ஃப்ளேஷன் கோட்பாடு பிறந்த பக்கம் அது.

அன்று அவருக்கு வயது 32. இன்னும் மூன்று மாதத்துக்குள் 33. கையில் நிரந்தர வேலை கிடையாது. உங்கள் விதியின்படி அவர் விண்ணப்பிக்க இருந்த கால அவகாசம் அந்தச் சில வாரங்கள்தான். 1980-இல் எம்.ஐ.டி. அவரை எடுத்துக்கொண்டது. அங்கே யாரும் அவருடைய பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கவில்லை என்பதால் நமக்கு நல்ல காலம்.

ஸ்ட்ரிங் தியரியின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் ஷ்வார்ஸின் கதை இதைவிட நீளம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவரை நிரந்தரமாக்கவில்லை. 1972-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் மர்ரே கெல்-மன் அவரை கலிஃபோர்னியாவின் கால்டெக்குக்கு அழைத்துக்கொண்டார், ஆனால் பேராசிரியராக அல்ல, ஆய்வுத் துணைவர் என்ற தற்காலிகப் பணியில். 1974-இல் ஷ்வார்ஸும் ஜோயல் ஷெர்க்கும் ஸ்ட்ரிங் தியரிக்குள்ளேயே ஈர்ப்பு விசை ஒளிந்திருக்கிறது என்று சொன்னபோது துறை அதைக் காதில் வாங்கவில்லை. புரோட்டானுக்குள் இருக்கும் துகள்களான குவார்க்குகள் வந்துவிட்டன, எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஷெர்க் 1980-இல் மிக இளம் வயதில் இறந்துபோனார். ஷ்வார்ஸ் நகரவில்லை. லண்டனிலிருந்து மைக்கேல் கிரீன் வந்து சேர்ந்துகொள்ள, இருவரும் கிட்டத்தட்ட ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு துறையில் வருஷக்கணக்காக உழைத்தார்கள்.

1984 கோடையில் கொலராடோவின் ஆஸ்பனில் அவர்கள் செய்த கணக்கை மாணவர்களுக்கு நடத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பத்துப் பரிமாணத்தில் எழுதும் இப்படிப்பட்ட கோட்பாடுகளில் குவாண்டம் விதிகள் உள்ளே நுழைந்ததும் ஒரு முரண் தலைதூக்கும். அது இருந்தால் கோட்பாடு செத்த கணக்குத்தான். கோட்பாட்டின் சமச்சீர்மைகளை விவரிக்கும் கணித அமைப்பான குலத்துக்குச் (group) சரியாக 496 பரிமாணங்கள் இருந்து, ஸ்ட்ரிங் தியரிக்கே உரிய இன்னோர் உறுப்பையும் சேர்த்தால், முரண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடுகின்றன என்று காட்டினார்கள். எஸ்.ஓ. 32 என்ற குலத்துக்கு அந்த எண் அப்படியே பொருந்துகிறது. சில மாதங்களில் துறையே இந்தப் பக்கம் திரும்பியது. அப்போது ஷ்வார்ஸுக்கு 42 வயது. கால்டெக் அவரைப் பேராசிரியராக்கியது 1985-இல். நடுவிலிருந்த ஆண்டுகளில் அவருக்கு ஓர் அறையும் சம்பளமும் கிடைத்துக்கொண்டே இருந்ததற்கு ஒரே காரணம் கெல்-மன். அழிந்துவரும் உயிரினங்களுக்குச் சரணாலயம் நடத்துவதுபோல இதை நடத்தினேன் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தேர்வுக் குழுவில் உட்காரும் பெரியவர் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்று கேட்டால் நான் கை காட்டுவது கெல்-மன்னைத்தான்.

இன்னொரு ஸ்ட்ரிங் தியரிக்காரர் ஜோ போல்சின்ஸ்கி, டி-பிரேன் (இழைகளின் முனைகள் ஒட்டிக்கொள்ளும் பரப்பு) என்ற பொருளை இரண்டு மாணவர்களோடு சேர்ந்து 1989-இல் எழுதினார். ஆனால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரே காட்டியது 1995 அக்டோபரில், 41 வயதில். அந்த ஆறு ஆண்டுகளையும் எந்தத் தேர்வுக் குழுவும் தேக்கம் என்று எழுதிவைத்திருக்கும்.

வெளிநாட்டுக் கதைகள் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சரி, நம் நாட்டுக்கே வருவோம். ஸ்ட்ரிங் தியரியில் வேலை செய்யும் அசோக் சென் 1988-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பி மும்பையின் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். எஸ்-இரட்டைமை என்ற கருத்தில் அவர் கட்டுரைக்குப் பின் கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்த 1990களின் தொடக்கத்தில் அந்தக் கருத்தில் பெரும்பாலோருக்கு நம்பிக்கை இல்லை. விசை வலுவாக இருக்கும் உலகமும் வலுவில்லாமல் இருக்கும் உலகமும் ஒன்றேயென்றால் எவருக்குத்தான் உடனே நம்பத் தோன்றும்? 1994 பிப்ரவரியில் வந்த அவருடைய கட்டுரை, அந்தக் கருத்து உண்மையாக இருந்தால் எந்தத் துகள் இருந்தே தீரவேண்டுமோ அதைக் கணக்கிலேயே கண்டுபிடித்துக் காட்டியது. துறையின் முன்னணி ஆய்வாளர் எட்வர்ட் விட்டன் உள்ளிட்டோர் இந்தப் பக்கம் திரும்பியதும், அடுத்த ஆண்டில் வந்த பெரிய மாற்றங்களும் அதற்கப்புறம்தான். அப்போது சென்னுக்கு 37 வயது. பிறகு அவர் போய் உட்கார்ந்தது அலகாபாத்துக்கு வெளியே ஜூசியில், இன்று ஹரீஷ்-சந்திரா ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றிருக்கும் இடத்தில். 2012-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட அடிப்படை இயற்பியல் பரிசை, ஆளுக்கு 30 லட்சம் டாலர் வீதம், ஒன்பது பேர் பெற்றார்கள். அலகாபாத்தின் சென் அவர்களில் ஒருவர், ஆலன் கூத் இன்னொருவர்.

சென்னின் வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அவருடைய மேதைமையை அல்ல, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் கண்டுகொள்ளாத கேள்வியோடு அவர் பொறுமையாக இருந்த ஆண்டுகளில் அவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அந்தப் பொறுமைக்கு ஒரு நிரந்தர வேலை இடம் கொடுத்தது. இன்று அதே கேள்வியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் இரண்டாண்டு போஸ்ட்டாக்கில் இருக்கிறார் என்று வையுங்கள். சேர்ந்த ஆண்டே அடுத்த வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பிக்கவேண்டும். எனவே அவர் அந்தக் கேள்வியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆறு மாதத்தில் கட்டுரையாகிவிடும் கேள்வி ஒன்றைத் தேடிப் போவார். நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். எங்களுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை.

நான் வேலை செய்யும் பகுதியே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1998-இல் இரண்டு வானியல் குழுக்கள் பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தன. ஸ்ட்ரிங் தியரிக்கு அது பெரிய தலைவலி. நமக்குத் தெரியாத ஆறு பரிமாணங்களைச் சுருட்டிவைக்கும் கோட்பாடு அது. சுருண்ட அந்தப் பரிமாணங்களின் அளவும் வடிவமும் கட்டாத கன்றுக்குட்டி போல எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடும். அவற்றைக் கட்டிப்போட்டு, மிச்சமிருக்கும் நான்கு பரிமாணத்தில் வேகமெடுத்து விரியும் ஒரு பிரபஞ்சத்தையும் காட்டவேண்டும். 2003 ஜனவரியில் கச்ரு, கலோஷ், லிண்டே, அப்புறம் டாடா நிறுவனத்தின் சந்தீப் திரிவேதி ஆகிய நால்வரும் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். அதைச் சரி என்றும் தவறு என்றும் அன்றிலிருந்து இன்றுவரை வாதம் நடக்கிறது. 2018-இல் கும்ருன் வாஃபாவும் உடன் ஆய்வாளர்களும், அப்படிப்பட்ட பிரபஞ்சம் ஸ்ட்ரிங் தியரியில் இருக்கவே முடியாதோ என்று ஒரு ஊகத்தை முன்வைத்தார்கள். இப்போது அரிசோனாவின் கிட் பீக் மலையிலிருந்து 5,000 ஒளியிழைகளால் வானைப் பார்க்கும் டெசி திட்டம், பிரபஞ்ச விரிவை வேகமெடுக்க வைப்பதாகக் கருதப்படும் கரும் ஆற்றல் காலப்போக்கில் மாறுகிறதோ என்று 2024-இலும் 2025-இலும் குறிப்புக் காட்டியிருக்கிறது. உறுதியாகவில்லை, ஆனால் உறுதியானால் இந்த வாதமே தலைகீழாகும்.

இருபது ஆண்டுக்கும் மேலாக உலகத்தின் தலைசிறந்த மூளைகளாலேயே முடிக்க முடியாத ஒரு கேள்வி இது. இதற்குள் இறங்கவே ஒரு மாணவருக்கு குவாண்டம் புலக்கோட்பாடு, பொதுச் சார்பியல், மீச்சமச்சீர், அப்புறம் கணிதப் பேராசிரியர்களே தயங்கும் வடிவியல் எல்லாம் வேண்டும். முனைவர் பட்டத்தின் பெரும்பகுதி இந்த ஏணியில் ஏறுவதிலேயே போய்விடும். நிஜமாகவே சொந்தக் கேள்வி ஒன்று உருவாவது முதல் போஸ்ட்டாக்கிலோ இரண்டாவதிலோதான். சரியாக அந்த இடத்தில்தான் உங்கள் வரம்பு வந்து நிற்கிறது.

அது எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழவில்லை என்பதுதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. நான் சங்கரன்கோவில் பக்கத்து ஊரில் தமிழ்வழியில் படித்து வளர்ந்தவன். பி.எஸ்சி. முடித்ததும் ஆராய்ச்சி என்ற ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்றே தெரியாது. ஒரு தனியார் பள்ளியில் சில ஆண்டுகள் இயற்பியல் நடத்தினேன், தங்கையின் கல்யாணக் கடன் அடையும்வரை. அங்கே உடன் வேலை பார்த்த வேதியியல் சார் ஒருவர்தான் ஆராய்ச்சி நிறுவனங்களின் முனைவர் படிப்புச் சேர்க்கைக்கு நடக்கும் ஜெஸ்ட் தேர்வைப் பற்றிச் சொன்னார். எம்.எஸ்சி. முடித்து, அந்தத் தேர்வை எழுதி, முனைவர் படிப்பில் சேர்ந்தபோது என் வகுப்பிலேயே வயதில் மூத்தவன் நான். அப்பா அம்மா பேராசிரியர்களாக இருக்கும் வீட்டில் பிறந்த பையன் இருபத்தொன்றில் முனைவர் படிப்பில் நுழைகிறான். அவன் நல்ல மாணவன், அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் இருவரும் பட்டம் வாங்கிய பிறகு செலவழித்த ஆண்டுகள் ஒன்றே, எழுதிய கட்டுரைகளும் ஏறக்குறைய ஒன்றே. அவனுக்கு இன்னும் நேரமிருக்கிறது, எனக்கு முடிந்துவிட்டது. பள்ளியில் நான் நடத்திய அந்த ஆண்டுகள் உங்கள் கணக்கில் எனக்கு எதிராகச் சேர்ந்துவிட்டன.

ஒரு நிறுவனத்தின் இணைய விண்ணப்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர், முகவரி எல்லாம் நிரப்பி, பிறந்த தேதியைப் போட்டதும், அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தான் மங்கிவிட்டது. கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி, தகுதி இல்லை என்று. ஆராய்ச்சித் திட்டம் என்ற பகுதி அடுத்த பக்கத்தில் இருந்தது. அதை நிரப்பக்கூட எனக்கு அனுமதி இல்லை. நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அந்த நிறுவனத்தின் பேராசிரியர்களில் இருவரோடு நான் கருத்தரங்குகளில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். என் விண்ணப்பம் வந்தது என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

என் நிலைமையைவிட மோசம் பெண்களுடையது. முனைவர் பட்டத்துக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவில் இருக்கும் அதே ஆண்டுகளில்தான் குழந்தைப்பேறும் வருகிறது, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊர் மாற்றமும் வருகிறது. வயதில் கொடுக்கும் சில ஆண்டுத் தளர்வு அதற்கு ஈடாகுமா? ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் தொடக்க நல்கையில் பிறந்த தேதி என்ற பேச்சே இல்லை. முனைவர் பட்டம் பெற்ற தேதியிலிருந்து எண்ணுகிறார்கள், பெற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் தாய்க்குக் கூடுதல் காலம் கொடுக்கிறார்கள், நீண்ட நோய்க்கும் கழிக்கிறார்கள். அதனால் அவர்களுடைய ஆராய்ச்சி ஒன்றும் தளர்ந்துவிடவில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும். பெரிய கண்டுபிடிப்புகளெல்லாம் இளமையில்தான் வரும், ஐன்ஸ்டைனுக்கு 26, ஹைசன்பர்க்குக்கு 23 என்பீர்கள். அன்றைக்கு குவாண்டம் இயக்கவியலே பிறந்துகொண்டிருந்தது, கற்க வேண்டியது ஒரு மேசையில் அடங்கியது. இன்றைய ஏணியின் உயரத்தை மேலே சொன்னேன், என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஓய்வு பெறும் வயதுக்குள் போதிய சேவைக்காலம் வேண்டும் என்பது இன்னொரு பதில். 37 வயதில் சேர்பவருக்கு இருபது ஆண்டுக்கு மேல் சேவை இருக்கிறது. இன்னும் ஒன்று உண்டு, அது நியாயமானதும் கூட: கூத்தும் ஷ்வார்ஸும் ஜெயித்தவர்கள், ஜெயிக்காதவர்களின் பெயர் உங்கள் பட்டியலில் இல்லையே என்பது. உண்மை. தாமதமாக வந்த எல்லோரும் ஷ்வார்ஸ் ஆகமாட்டார்கள். சீக்கிரம் வந்த எல்லோரும் ஹைசன்பர்க் ஆகமாட்டார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை. யார் என்ன ஆவார் என்பது வயதைப் பார்த்துத் தெரியாது. கட்டுரையைப் படித்து, நேரில் கேள்வி கேட்டு, பரிந்துரைக் கடிதம் எழுதியவரிடம் விசாரித்துத்தான் ஓரளவாவது தெரியும். அது சிரமமான வேலை. அந்த வேலையைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உதவித்தொகைப் பிரச்சினையை நீட்டவில்லை. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தியதற்கு நன்றி. அது மாதாமாதம் வந்தால் இன்னும் நன்றி சொல்வோம். பல மாதம் கழித்து மொத்தமாக வரும் பணத்தில் வீட்டு வாடகை கட்டமுடியாது.

சென்னையில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அல்லாடி ராமகிருஷ்ணன் தன் மயிலாப்பூர் வீட்டில் இளைஞர்களைக் கூட்டி வைத்துக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார். 1960-இல் அங்கே வந்த நீல்ஸ் போர் அந்தக் குழுவைப் பாராட்டிப் பேசினார். அமைச்சர் சி. சுப்பிரமணியம் அதைக் கவனித்தார், நேருவிடம் பேச்சு போனது, 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் வந்து திறந்துவைத்தார். எந்த விதியிலும் இடமில்லாத ஒன்றுக்கு, இரண்டே ஆண்டுகளில், இடம் உண்டாக்கிக் கொடுத்தார்கள். நான் கேட்பது ஒரு விளம்பரத்தின் ஒரு வரியை மாற்றுவது.

எனவே ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கும், அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கும், நிறுவனங்களின் தேர்வுக் குழுக்களுக்கும் என் வேண்டுகோள்: அடுத்த அறிவிப்பு வெளிவரும்போது பிறந்த தேதியைத் தகுதி நிபந்தனையிலிருந்து நீக்குங்கள். முனைவர் பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்குள் என்று போடுங்கள். பிரசவம், நோய், குடும்பத்தினரைப் பராமரித்த காலம் இவற்றைக் கழித்துக்கொள்ள ஒரு கட்டமும் வையுங்கள். கோட்பாட்டு இயற்பியலுக்கு மட்டுமாவது ஐந்தாண்டு போஸ்ட்டாக் சிலவற்றை உண்டாக்குங்கள். இரண்டாண்டுப் பணிகளின் எண்ணிக்கை அதனால் குறைந்தாலும் பரவாயில்லை என்று என்னோடு இருப்பவர்களில் பலர் சொல்வார்கள். முடியாது என்று முடிவெடுத்தால், ஏன் முடியாது என்பதைப் பொதுவில் எழுதுங்கள். நாங்கள் படித்துவிட்டுப் பதில் எழுதுகிறோம்.

எனக்கு இந்த மாற்றம் பயன்படாமல் போகலாம். இந்த ஆண்டு ஜெஸ்ட் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும், எங்கள் ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே படித்த ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு இப்போதே 26. அவள் முனைவர் பட்டம் வாங்கும் ஆண்டில் உங்கள் விளம்பரம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். அவளுக்கு என்ன சொல்லட்டும் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்லவேண்டும்.

நன்றியுடன்,
கோட்பாட்டு இயற்பியல் போஸ்ட்டாக் ஒருவர்